கோப்பிக் கிறைண்டர் வாங்குமுன்



முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிலிருந்து ஒரு பெண்கள் குழு அண்மையில் சீகிரியாவுக்கு வந்திருந்தது. இனாமலுவைப் பக்கத்தில் தம் வீட்டில் ஓரிரு அறைகளை உல்லாசப் பயணிகளுக்குக் கொடுத்துச் சீவியம் நடத்தும் பெண்களைக் கண்டு கதைப்பதே அவர்களின் நோக்கம். அந்த வீட்டுக்காரிகளிலும் போரில் கணவனை, மகனை இழந்த சிங்களச் சகோதரிகள் இருக்கிறார்கள். அறை, கட்டில், நுளம்புவலை எல்லாம் விசாரித்து முடிந்த பின் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டது கோப்பியைப் பற்றி. "வெள்ளைக்காரர் எஸ்பிரஸோ கேட்பார்களாம். அதற்கு மெசினும் வேண்டும், கொட்டை அரைக்க வேறு கிறைண்டரும் வேண்டுமாம். எதை வாங்குவது அக்கா?"

இம்மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். தொழிலுக்கல்லாமல் தன் வீட்டில் நல்ல கோப்பி குடிக்க விரும்புபவர்களுக்கும் இது உதவும்.

கோப்பி நமக்குப் புதிதல்ல. தேயிலைக்கு முன்பு இந்த மலைநாடு கோப்பி மலைநாடாகத்தான் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாக வந்த நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தது கோப்பித் தோட்டங்களுக்காகத்தான். 1869இல் இலைத்துரு நோய் காணப்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் அழிந்தது. ஆனாலும் மாத்தளை மாவட்டத்து வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் இன்றும் கோப்பிச் செடி நிற்கிறது. அந்தக் கொட்டையை வறுத்து உரலில் இடித்து, துணியில் வடித்துக் குடிப்பது நம் வழக்கம். அந்தக் கோப்பிக்கு எந்த மெசினும் தேவையில்லை. வருகிற விருந்தினரில் பலர் அதையே விரும்பிக் கேட்கிறார்கள் என்று இங்குள்ள வீட்டுக்காரிகள் சொல்கிறார்கள். ஆகவே வாங்கும் முன் உங்கள் விருந்தினர் உண்மையில் எதைக் குடிக்கிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள்.

எஸ்பிரஸோதான் வேண்டும் என்று முடிவானால் அதன் செய்முறையைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். வெந்நீரை ஏறத்தாழ 9 பார் அமுக்கத்தில், அதாவது சாதாரண காற்றமுக்கத்தைப்போல் ஒன்பது மடங்கில், கோப்பித்தூளின் ஊடாகத் தள்ளுகிறார்கள். வழக்கமான கணக்கு, 18 கிராம் தூளிலிருந்து 25 முதல் 30 செக்கனில் 36 கிராம் கோப்பி. தூள் கரடாக இருந்தால் தண்ணீர் பத்துச் செக்கனில் ஓடிவிடும். கோப்பி புளித்து நீர்த்துப் போகும். மிக நைசாக இருந்தால் சொட்டுச் சொட்டாக விழுந்து கசக்கும். ஒரே தூளில் கரடும் நைசும் கலந்திருந்தால் புளிப்பும் கசப்பும் சேர்ந்தே வரும். அதனால்தான் மெசினைவிடக் கிறைண்டர் முக்கியம் என்கிறார்கள். கையில் உள்ள காசை இரண்டுக்கும் பிரிக்கும்போது பெரும்பாலானவர்கள் பளபளப்பான மெசினுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கிடைக்கும் கிறைண்டரை வாங்குகிறார்கள்.

கிறைண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று மிக்சியைப்போல அலகு சுழன்று கொட்டையை வெட்டுவது. விலை குறைவு. ஆனால் வெட்டுப்படுவது ஒரு சீராக இருக்காது. எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அடியில் மாவும் மேலே நொய்யும்தான். எஸ்பிரஸோவுக்கு இது சரிவராது. மற்றது நம் திரிகையைப் போன்றது. பல் வெட்டிய இரண்டு வளையங்களுக்கு இடையில் கொட்டை நசுங்கி விழும். அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைத்தால் தூளின் அளவு மாறும். வாங்கினால் இந்த வகையையே வாங்க வேண்டும்.

இடைவெளியை எவ்வளவு சிறிய படிகளில் மாற்றலாம் என்பதில்தான் நல்லதும் கெட்டதும் பிரிகிறது. எஸ்பிரஸோத் தூளின் அளவு மேசை உப்பைவிட நைசு, கோதுமை மாவைவிடக் கரடு. அந்தக் குறுகிய எல்லைக்குள் அங்குலம் அங்குலமாக அல்ல, மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும். உதாரணமாக டைம்மோர் என்ற கைக்கிறைண்டரின் சி2 மாதிரியில் ஒரு சொடுக்குக்கு ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர் மாறும். வடிகோப்பிக்கு அது போதும். எஸ்பிரஸோவுக்கு ஒரு சொடுக்கில் தண்ணீர் ஓடும், அடுத்த சொடுக்கில் அடைத்துக்கொள்ளும். அதே கம்பனியின் சி3 இஎஸ்பி மாதிரியில் ஒரு சொடுக்கு 0.02 மில்லிமீற்றர் அளவுதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. கடைக்காரரிடம் "எஸ்பிரஸோவுக்குச் சரிவருமா?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆம் என்பார். "ஒரு சொடுக்குக்கு எவ்வளவு மாறும்?" என்று கேளுங்கள்.

வளையம் உருக்கா, பீங்கானா என்றும் பாருங்கள். சிறிய பீங்கான் கைக்கிறைண்டரில் 18 கிராம் அரைக்கப் பல நிமிடம் சுற்ற வேண்டும். நல்ல உருக்கு வளையம் உள்ளதில் ஒரு நிமிடம் அளவில் முடியும். நடுத்தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. முடிந்தால் ஒரு பிடி கொட்டை கொண்டுபோய்க் கடையிலேயே அரைத்து, தூளை இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது.

கையால் சுற்றுவதா, மின்சாரமா? கைக்கிறைண்டர் விலை குறைவு. கரண்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்; 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சத்தமும் குறைவு. சீகிரியாவில் இது பெரிய வசதி. சூரியோதயம் பார்க்கப் பிதுரங்கல ஏறுபவர்களுக்கு விடியுமுன்பே கோப்பி கொடுக்க வேண்டும், பக்கத்து அறையில் உறங்குபவர்களையும் எழுப்பக்கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. திடீரென்று இரையும் மோட்டார்ச் சத்தம் நம்மில் சிலருக்கு இன்னும் நெஞ்சு படபடக்க வைக்கும். அது வெட்கப்பட வேண்டிய விடயமல்ல. குசினியில் தினமும் பல தடவை கேட்கப்போகும் சத்தம், ஆகவே கடையில் ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள். மின்சாரத்தில் மெதுவாகச் சுழலும் கூம்பு வளைய வகைகள் பொதுவாக இரைச்சல் குறைந்தவை.

ஆனால் கைக்கிறைண்டருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை இழந்தவர்கள், தோளிலோ மணிக்கட்டிலோ செல்துண்டு இருப்பவர்கள் அதை வாங்கிவிட்டுச் சிரமப்பட வேண்டாம். அவர்களுக்கு மேசையில் அசையாமல் நிற்கும், ஒரு பொத்தானில் ஓடும் மின்கிறைண்டர்தான் சரி. சங்கத்தின் மூலம் உதவி கேட்டு எழுதும்போது இந்தக் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். "கிறைண்டர் ஒன்று" என்று மட்டும் எழுதினால் ஆகக் குறைந்த விலையில் உள்ளதே வந்து சேரும்.

விலையைப் பற்றி. வெளிநாட்டில் எஸ்பிரஸோவுக்குத் தகுந்த கைக்கிறைண்டர் 80 முதல் 200 டொலர் வரை. மின்கிறைண்டர் ஏறத்தாழ 200 டொலரிலிருந்து தொடங்கும். இறக்குமதி வரியும் கடைக்காரரின் இலாபமும் அதற்கு மேல். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதைக் கண்ட பிறகு ரூபாவில் விலை எழுத மனம் வரவில்லை. ஆனால் கணக்கு முறையைச் சொல்கிறேன். கிறைண்டர் 30,000 ரூபா என்று வைப்போம். ஒரு கோப்பைக்குச் செலவு போக 150 ரூபா மிஞ்சினால் 200 கோப்பை விற்றால்தான் அந்தக் காசு திரும்பும். மாதம் 40 கோப்பை போனால் ஐந்து மாதம். அதுவும் ஆட்கள் வந்தால்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2020இல் கொரோனா வந்தபோதும் சீகிரியாவில் அறைகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தன. கிழமைக் கடன் கட்டக் கேட்டு வருபவர் அப்படி நின்றுவிட மாட்டார். நுண்கடன் தாங்க முடியாமல் 2021 மார்ச் மாதம் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வன்னியிலும் மட்டக்களப்பிலும் அந்தக் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே கோப்பிக் கிறைண்டருக்காகக் கிழமைக் கடன் எடுக்க வேண்டாம். சீட்டுக் காசில் வாங்கலாம். இரண்டு மூன்று பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கியும் பாவிக்கலாம்.

காசே இல்லாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. அடுப்பில் வைக்கும் இத்தாலிய மோக்கா பாத்திரம் மலிவு. அதற்கு எஸ்பிரஸோவைவிடச் சற்றுக் கரடான தூள் போதும், சாதாரண கைக்கிறைண்டரே அதைக் கொடுக்கும். விலை குறைந்த வீட்டு எஸ்பிரஸோ மெசின்கள் பலவற்றில் வடிகூடை இரட்டைச் சுவர் கொண்டதாக இருக்கும். அடியில் ஒரேயொரு சிறு துளைதான் தெரியும். அந்தக் கூடையே அமுக்கத்தை உண்டாக்கிக்கொள்வதால், அரைத்து விற்கும் தூளையும் அதில் போடலாம். அப்படிப்பட்ட மெசின் வைத்திருப்பவர் விலை கூடிய கிறைண்டர் வாங்குவது வீண்.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. தூளாக அரைத்தால் சில நாட்களில் வாசம் போய்விடும், கொட்டையாக இருந்தால் சில வாரம் தாங்கும். ஆகவே தேவைக்கு மட்டும் அரையுங்கள். மல்லி, சுக்கு, மிளகு எதையும் இதில் போடவேண்டாம், அவற்றுக்கு மிக்சி இருக்கிறது. உருக்கு வளையத்தைத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்கும், தூரிகையால் தட்டித் துடைத்தால் போதும். முற்றத்தில் காயவைத்த ஊர்க் கொட்டை வாங்குபவர்கள் வறுக்குமுன் சுளகில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். ஒரு சிறு கல் போதும், வளையத்தின் பல் உடைய. கடையில் வாங்கும்போதே மாற்று வளையம் கிடைக்குமா, உத்தரவாதப் பத்திரத்தில் முத்திரை வைத்துத் தருவார்களா என்று கேட்டு வையுங்கள்.

கொட்டையை வீட்டிலேயே வறுப்பது எப்படி என்று இரண்டு சகோதரிகள் கேட்டிருந்தார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.