கலவரம் என்று பெயர் வைத்தது யார்?

தென் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்ததை இங்கிலீஷில் தேடிப் பாருங்கள். ‘அப்பர் கிளாத் ரயட்ஸ்’ என்றுதான் பல இடங்களில் வரும். மலையாளத்தில் ‘சாந்நார் லகள’. தமிழில் நாமே ‘தோள்சீலைக் கலகம்’ என்கிறோம். மூன்று மொழியிலும் ஒரே தீர்ப்புதான்: ஏதோ ஒரு கும்பல் ரகளை பண்ணியது. யார் யாரை அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்பது அந்தப் பெயர்களில் இல்லை. இந்தப் பெயர்களை நாம் விட்டொழிக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் மொழியறிஞன் இல்லை. பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தவன். படித்தது பி.காம்., வேலை வங்கியில், இருப்பது மஸ்கட்டில். ஆனால் ‘ரயட்’ என்ற சொல் என் மேஜைக்கு அடிக்கடி வரும். எல்.சி.யோடு வரும் இன்ஷூரன்ஸ் பேப்பரில் ‘ஸ்ட்ரைக்ஸ், ரயட்ஸ், சிவில் கமோஷன்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். சரக்கு அப்படி நாசமானால் பணம் கிடைக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. யார் பக்கம் நியாயம் என்று கிளெயிம் பார்க்கிறவர் கேட்கமாட்டார், கேட்க வேண்டியதும் இல்லை. இன்ஷூரன்ஸுக்கு அது சரி. சரித்திரத்துக்குமா?

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பழைய பிரெஞ்சில் ‘ரியோத்’ என்றால் வாய்த்தகராறு, வம்பளப்பு. இங்கிலீஷுக்கு வந்தபோது முதலில் கிடைத்த அர்த்தம் ஊதாரித்தனம், கூத்தடிப்பு. 1611ஆம் வருஷத்து இங்கிலீஷ் பைபிளில் கெட்ட குமாரன் சொத்தை அழித்த வாழ்க்கைக்கும் இந்தச் சொல்தான். முயலைத் துரத்த வேண்டிய வேட்டை நாய் வேறு வாசனையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அதற்கும் இதே சொல். கூட்டம் கூடிக் குழப்பம் செய்வது என்ற அர்த்தம் பிறகுதான் சேர்ந்தது. ஆக, பிறவியிலேயே இது ஒரு ஏச்சு. எஜமான் நாயைப் பார்த்தும், தகப்பன் ஊதாரிப் பிள்ளையைப் பார்த்தும் சொல்லும் சொல்.

(ஒரு வேடிக்கை. விவசாயக் கடன் பார்த்தவர்களுக்கு ‘ரயத்துவாரி’ தெரிந்திருக்கும். ரயத்து என்றால் குடியானவன். அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. இங்கிலீஷ்காரன் வாயில் ரயத்தும் ரயட்டும் ஒரே உச்சரிப்பு!)

அப்புறம் சட்டம் வந்தது. பிரிட்டனில் 1715இல் அமலுக்கு வந்த ரயட் ஆக்ட். 12 பேரோ அதற்கு மேலோ கூடி அமைதியைக் குலைத்தால் அதிகாரி வந்து ஒரு வாசகத்தைப் படிப்பார். ஒரு மணி நேரத்தில் கலையாவிட்டால் மரண தண்டனைக் குற்றம். கலைக்கும்போது கூட்டத்தில் யாராவது செத்தால் கலைத்தவர்மேல் குற்றமில்லை. கவனியுங்கள், பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, பாதுகாப்பும் அவருக்குத்தான். நம் ஊரில் 1860 இந்திய தண்டனைச் சட்டம் 12ஐ 5 ஆக்கியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே 5தான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

1829இல் திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் போட்டது. கிறிஸ்தவச் சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மேல்முண்டு போடக்கூடாது. 1858-59இல் அதை மீறியவர்களின் துணி பொது இடத்தில் உருவப்பட்டது. ஜெபக்கூடங்களும் வீடுகளும் எரிந்தன. மெட்ராஸ் கவர்னர் டிரெவலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26இல்தான் அனுமதி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை! இவ்வளவுக்கும் பெயர் ‘சாந்நார் லகள’. துணியை உருவியவன் சாதி பெயரில் இல்லை, துணி போட்டவள் சாதி இருக்கிறது.

அடுத்தது ஊரூட்டம்பலம். அன்றைக்கு நெய்யாற்றின்கரை தாலுகா. கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914-15. பள்ளியில் சேர்க்கலாம் என்று சர்க்கார் உத்தரவு இருந்தும் சேர்க்கவில்லை என்பதால், அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை நேரே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தையே எரித்துவிட்டார்கள். அன்று கருகிய பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். இதற்கும் ‘புலயர் லகள’ என்றுதான் பெயர். எரித்தவன் தப்பித்தான், படிக்கப் போனவள் ஜாதி மாட்டிக்கொண்டது.

“அவர்களும் திருப்பி அடிக்கவில்லையா?” என்று கேட்பீர்கள். அடித்தார்கள். தாராளமாக எழுதுங்கள். யார் முதலில், எதற்காக என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எழுதவிடாமல் செய்வதற்குத்தானே ‘கலவரம்’ என்ற ஒற்றைச் சொல்!

அடிபட்டவன் ஆட்சிக்கு வந்தால் பெயர் மாறுமா? 1938இல் உத்தரவாத ஆட்சி கேட்டு பட்டம் தாணுபிள்ளை தலைமையில் ஸ்டேட் காங்கிரஸ் கிளம்பியது. ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் திவான் சர் சி.பி.யின் ஆட்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். 16 வருஷம் கழித்து அதே பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர். 1954 ஆகஸ்ட் 11இல் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிக் கூடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அவருடைய போலீஸ் சுட்டது. அவர் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார், அவர் செய்யவில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எதிரே நிற்கும் கூட்டம் எப்போதும் கலவரக் கூட்டம்தான் போலிருக்கிறது.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அப்பாவி ஒருவன் கடையைக் கொளுத்தினால் அதைப் ‘போராட்டம்’ என்று அழைப்பதும் இதே மோசடிதான்.

மாற்றுப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மலையாளத்தில் ‘மாறுமறய்க்கல் சமரம்’, தமிழில் ‘தோள்சீலைப் போராட்டம்’. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடந்த 200ஆம் ஆண்டு விழாவில் இரண்டு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். ஆனால் நம் பிள்ளைகள் படிக்கும் சிபிஎஸ்இ பாடத்தில் இது இருந்த ஒன்பதாம் வகுப்பு அத்தியாயத்தை 2019இல் எடுத்துவிட்டார்கள். இனி நாம் சொன்னால்தான் உண்டு.

அதனால் வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘1858இல் கலவரம் வெடித்தது’ என்று சொல்லாதீர்கள். தானாக வெடிக்க அது பலாப்பழமா? அடித்தவன் யார், அடிபட்டவள் யார், அவள் கேட்டது என்ன என்று எழுவாயோடு சொல்லுங்கள். பிள்ளை இங்கிலீஷில் ‘ரயட்’ என்று எழுதிக்கொண்டு வந்தால், அதை அடித்துவிட்டு ‘ஸ்ட்ரகிள்’ என்று எழுதச் சொல்லுங்கள். மார்க் குறைந்தால் குறையட்டும்.