மனநலச் சிகிச்சை: காப்பீடு கட்டிலுக்கு மட்டுமா?

தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு விதிக்கப்பட்டு வந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இதுவரை தள்ளிப்போட்டு வந்த பல குடும்பங்கள் பாலிசி எடுப்பது பற்றி இப்போது பேசத் தொடங்கியுள்ளன. இதய அறுவை சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும், சிறுநீரகக் கல்லுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிக்கிறோம். மகனின் மன அழுத்தத்துக்கும், பிரசவத்துக்குப் பின் யாரிடமும் பேசாமல் ஒடுங்கிக் கிடக்கும் மருமகளுக்கும் இந்தப் பாலிசி உதவுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால், பாதி நல்ல பதில் கிடைத்திருக்கும்.

சட்டம் தந்த உரிமை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். தமிழ் முஸ்லிம்கள் எளிதில் மறக்க முடியாத அந்த நாளுக்குப் பிறகே மனநோயாளிகளின் உரிமை பற்றிய பேச்சு நாட்டில் வலுப்பெற்றது.

அந்த நீண்ட பயணத்தில் வந்தது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்தது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதன் 21-ஆம் பிரிவு ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டளையிட்டது. 2018 மே மாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதைப் பின்பற்றுமாறு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனாலும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. மனநோய்க்குப் பணம் இல்லை என்று மறுத்த ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராக 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2022 அக்டோபர் 31-க்குள் எல்லா மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளும் மனநோயை உள்ளடக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐ கெடு விதித்தது. ஆகவே, “மனநோய் என்றால் கிளெய்ம் கிடையாது” என்று இன்று ஒரு முகவர் சொன்னால் அது சட்டத்துக்கு முரணானது.

ஓட்டை எங்கே?

பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால்தான் பணம் தருகின்றன. புறநோயாளியாகப் போய் வரும் செலவு அவற்றில் சேராது. உடல் நோய்க்கும் இதே விதிதான் என்பதால், “சமமாகத்தானே நடத்துகிறோம்” என்று நிறுவனங்கள் சொல்லிக்கொள்ள முடிகிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரை நோயாளி சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறார். மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும்தான் அவருக்குச் சிகிச்சை. மனச்சோர்வு, பதற்றநோய் உள்ள பலருக்கோ உளவியல் நிபுணரின் முன்னால் அமர்ந்து பேசும் அந்த ஒரு மணி நேரமே சிகிச்சை. அது ஒருமுறையோடு முடிவதில்லை. வாரந்தோறும் தொடர வேண்டும். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 வாரங்களுக்கு 18,000 ரூபாய். மாதம் 25,000 சம்பாதிக்கும் வீட்டில் நாலாவது வாரமே “இப்ப பரவாயில்லைமா, போதும்” என்ற பேச்சு வந்துவிடும். நோய் குணமாகி அந்தப் பேச்சு வருவதில்லை. கையில் பணம் தீர்ந்துதான் வருகிறது. பாதியில் விட்ட நோய் முற்றி, ஒருநாள் மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தால் அப்போது காப்பீடு பணம் கொடுக்கும்!

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. இதற்கு வெட்கமும் அறியாமையும் காரணம்தான். செலவும் ஒரு காரணம் என்பதை மறந்துவிட முடியாது.

பாலிசி எடுப்போர் கவனிக்க வேண்டியவை

காப்பீடு கூடுமா என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவது இயல்பு. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு கூடாது என்றும் பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு செய்தது. அத்தகைய தகாஃபுல் திட்டங்கள் நம் நாட்டுச் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் நிலையில் இல்லை. அலுவலகம் எடுத்துத் தரும் குழுக் காப்பீட்டிலோ பலர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவரவர் நிலையைச் சொல்லி நம்பிக்கையான ஆலிமிடம் தெளிவு பெறுவதே முறை.

பாலிசி உள்ளவர்கள் முதலில் புறநோயாளிச் செலவுக்கான கூடுதல் பாதுகாப்பு, அதாவது ஓபிடி ரைடர், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் உளவியல் ஆலோசனை சேருமா, ஆண்டுக்கு எவ்வளவு தொகை வரை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை தருபவர் மனநல மருத்துவரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று விசாரியுங்கள். பதிவு எண்ணுடன் ரசீது இல்லாவிட்டால் கிளெய்ம் நிற்காது.

சம்பந்தம் பேசும்போது தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, பழைய சிகிச்சையை விண்ணப்பத்தில் மறைப்பவர்கள் உண்டு. பின்னால் கிளெய்ம் மறுக்கப்பட அதுவே காரணமாகிவிடும். 2024 முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதங்கள்தான். உண்மையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே பாதுகாப்பு. கிளெய்மை நியாயமின்றி மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

பாலிசி இல்லாதவர்களும் கைவிடப்பட்டவர்கள் அல்லர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரசு மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை சட்டப்படியான உரிமை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆனால் அரசு மருத்துவமனையின் கூட்டத்தில், ஒரே நிபுணரிடம் வாரந்தோறும் ஒரு மணி நேரம் கிடைப்பது அரிது. அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

பைத்துல்மாலின் பட்டியலில்

நமக்கு இது புதிய கேள்வியும் அல்ல. சிரியாவின் அலெப்போ நகரில் 1354-இல் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானில் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அக்கால பீமாரிஸ்தான்கள் வக்ஃப் வருமானத்தில் இயங்கின. மனநோய்க்கான செலவைச் சமுதாயம் ஏற்க வேண்டும் என்று அன்றே புரிந்துவைத்திருந்தார்கள்.

இன்று நம் மஹல்லா பைத்துல்மால்கள் டயாலிசிஸுக்கும் இதய அறுவைக்கும் உதவுகின்றன. அந்தப் பட்டியலில் மனநல ஆலோசனையையும் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மேலே சொன்ன கணக்கில், ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு முழுச் சிகிச்சை தர 1,80,000 ரூபாய் போதும். பணத்தை நேரடியாக நிபுணரிடமே செலுத்தலாம். பெறுபவரின் பெயர் இமாமுக்கும் ஒரு பொறுப்பாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கும் கணக்கில் தொகை மட்டும் வரட்டும். இரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஓபிடி சிகிச்சையில் உளவியல் ஆலோசனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐயிடம் கோருவது சமுதாய அமைப்புகளின் கடமை. அது நிறைவேற ஆண்டுகள் ஆகலாம். நாலாவது வாரத்தில் பணமின்றி நின்றுபோகும் அந்த மகனுக்கோ மருமகளுக்கோ ஐந்தாவது வாரத்தின் 1,500 ரூபாய் இப்போது வேண்டும். அதைத் தர ஒரு மஹல்லாவால் முடியும்.