பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் நாள். அக்டோபர் 11 பன்னாட்டுப் பெண் குழந்தைகள் நாள். இந்தத் தேதிகள் நெருங்கினால் ஜூனியர் ரெட்கிராஸ், சாரணியர், நாட்டு நலப்பணித் திட்டம் என ஏதாவது ஓர் அமைப்பில் இருக்கும் மாணவிகளைக் குழு குழுவாகப் பிரித்துத் தலைப்புக் கொடுக்கிறார்கள்: சமநீதி, விளையாட்டில் பெண்கள், நான் போற்றும் இலட்சியம். பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள அந்தப் பிள்ளைகள் முழு அக்கறையோடு வேலை பார்க்கிறார்கள். நாளிதழில் வந்த படத்தை வெட்டி ஒட்டுகிறார்கள், அம்மாவிடமும் ஆயாவிடமும் கேட்டு எழுதுகிறார்கள், மேடையில் நடுங்காமல் பேசுகிறார்கள். விழா முடிந்ததும் சார்ட் அட்டைகள் ஸ்டாஃப் ரூம் அலமாரியின் தலைமேல் போகின்றன. மறுநாள் அதே மாணவிகளின் விளையாட்டு வகுப்பைக் கணக்கோ அறிவியலோ எடுத்துக்கொள்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

பி.டி. பீரியடைக் ‘கடன்’ வாங்கும் வழக்கம் தமிழகம் அறிந்ததே. விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களிடம் இதைக் கைவிடச் சொல்லி வேண்டுகோள் வைத்தார். ஆனால் இந்தக் கடனால் இழப்பது யார் என்று எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்துக் கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் விளையாடக் கிடைக்காத பையன் சாயங்காலம் மட்டையோடு ஏரிக்கரைக்கோ அறுவடை முடிந்த வயலுக்கோ போய்விடுவான். அவனுக்கு அந்த வகுப்பு போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பெண்பிள்ளைக்குச் சாயங்காலம் என்பதே கிடையாது. அம்மா விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் இருந்தோ முந்திரி உடைக்கும் இடத்தில் இருந்தோ திரும்பும் வரை தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில். வயசுக்கு வந்துவிட்டால் தெருவில் ஓடுவதற்கும் தடை. வாரத்தில் அவள் ஓடி ஆடக்கூடிய நேரம் அந்தப் பள்ளி வகுப்பு ஒன்றுதான். அதையும் பறித்தால் அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் வகுப்பை எடுத்தோம் என்று பள்ளி சொல்லலாம். நட்டம் ஒருத்திக்கு மட்டுமே.

விளையாடுகிற வாய்ப்புக் கிடைத்தால் இந்த மாவட்டத்துப் பெண்கள் எதுவரை போவார்கள் என்பதற்குச் சான்று வெளியூரில் தேட வேண்டியதில்லை. கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் எளிய குடும்பத்துப் பெண்களைச் சேர்த்து வளர்த்த இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதெமி இந்திய மகளிர் லீக் வரை போனது. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இந்தியக் கால்பந்து அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் ஆனார். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018இலும் 2023இலும் வென்றது. அந்த அணிகளை உருவாக்கியது தினமும் தவறாமல் கிடைத்த திடலும், வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிய பயிற்சியாளர்களும்தான். விருத்தாசலத்திலிருந்து கடலூர் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். கருவேப்பிலங்குறிச்சிப் பெண் தினமும் அங்கே போய் வர முடியாது. அவளுக்குரிய திடல் அவள் ஊரில் இருக்க வேண்டும்.

திடலைச் சட்டத்தால் பெற்றுத்தர முடியும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே 1972இல் ‘டைட்டில் நைன்’ என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதிலும் பாலினத்தின் பேரில் எவரையும் ஒதுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய பெண்கள் சுமார் 3 லட்சம் பேர். 2019 வாக்கில் அது 34 லட்சம் ஆனது. அந்தப் பெண்களுக்குத் திடீரென்று விளையாட்டில் ஆசை பிறந்துவிடவில்லை. நேரத்தையும் திடலையும் பணத்தையும் பங்கு வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்கிறது. திட்டங்களுக்கும் குறைவில்லை. 2006இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு ஊராட்சி விளையாட்டுத் திடல் என்றது. அடுத்த ஆட்சியில் அம்மா பெயரில் இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வழங்கும் திட்டம் தொடங்கியது. பெயர்கள் மாறின, திடலில் நிற்பவர்கள் மாறவில்லை. இளைஞர் என்ற சொல்லைப் பையன்கள் என்றே ஊர் படித்துக்கொள்கிறது, அதிகாரிகளும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஊராட்சிக்கு வந்த வாலிபால் எந்த அறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்று ஒரு மாணவிக் குழு விசாரித்து எழுதினால், அதுவே சமநீதி பற்றிய நல்ல செயல்திட்டம். அப்படிப்பட்ட தலைப்பைக் கொடுக்கப் பெரியவர்களுக்குத் துணிவில்லை. பிறகு எதற்கு அந்தப் பிள்ளைகளிடம் நியாயம் பற்றிக் கட்டுரை கேட்கிறீர்கள்?

சாந்தி சவுந்தரராஜனைப் பற்றியும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார், பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. வென்ற பெண்ணை நாடு கைவிட்ட கதையைத் தெரிந்துகொள்ளாமல் விளையாட்டில் நியாயம் என்று எழுத முடியாது. சூளையில் வைக்காத களிமண் பொம்மை மழையில் கரைவதைப்போல, நடப்போடு மோதாத இலட்சியம் முதல் சோதனையிலேயே கரைந்துவிடும்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. மகள் வாங்கிவந்த பேச்சுப் போட்டிச் சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறீர்கள். அவள் ட்ராக் பேண்ட் கேட்டால் முகம் சுளிக்கிறீர்கள். சுடிதாருக்கு மேல் ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளை நூறு மீட்டர் ஓடும்?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு உட்பட எந்த வகுப்பிலும் மாணவிகளின் விளையாட்டு நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று கல்வித் துறை உத்தரவிட வேண்டும், மீறும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும். பெண்கள் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பெண் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும், தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். கடலூர் மாவட்ட விளையாட்டு அலுவலகம் விருத்தாசலம் வட்டத்து ஊராட்சித் திடல்களை நேரில் வந்து பார்க்க வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பொதுத் திடலில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் பெண்களுக்கு என்று ஒதுக்கி, அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட வேண்டும். அந்தக் கூட்டத்தில் மாணவிகளின் செயல்திட்ட அறிக்கையை அவர்களே எழுந்து படிக்கட்டும். ஊராட்சி நிர்வாகம் அங்கேயே, ஊரார் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும்.