சியோலைக் கேட்காதீர்கள்

தென்கொரிய அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கப் போக விரும்பும் இளையவர்கள் ரொறன்ரோவில் என்னைத் தேடி வருவதுண்டு. முதலில் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சியோலில் இடம் கிடைக்குமா?" சியோலைக் கேட்காதீர்கள் என்பது என் பதில். வட கியொங்சாங், தென் ஜொல்லா, கங்வொன் மாகாணங்களின் சிறு மாவட்டங்களுக்குப் போங்கள். அந்த வேலைக்கு உண்மையான பயன் இருப்பது அங்கேதான்.

நான் படிப்பித்தது வட கியொங்சாங் மாகாணத்தின் உய்சொங் மாவட்டத்தில். பூண்டுக்குப் பெயர்போன இடம். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங்கில் வெள்ளி வென்ற கொரியப் பெண்கள் அணியில் பெரும்பாலானோர் அங்கு வளர்ந்தவர்கள். பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு போகும் இடமும் அதுவே. மூன்று தொடக்கப் பள்ளிகளுக்கு மாறி மாறிப் போவேன். மிகச் சிறிய பள்ளியில் நான்காம் வகுப்பில் மொத்தமே நான்கு பிள்ளைகள். கொரியாவின் பிறப்பு விகிதம் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்று இறங்கியதன் பொருள் அந்த வகுப்பறையில் நின்றால் விளங்கும்.

சியோலில் ஒரு பத்து வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிந்ததும் அது ஹக்வொன் எனப்படும் தனியார் பயிற்சி நிலையத்துக்குப் போகும். இரவு 10 மணிக்கு மேல் ஹக்வொன்கள் இயங்கக் கூடாது என்று அந்த நகரத்தில் விதி போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மழலையர் பள்ளியையே ஆங்கிலத்தில் முடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குப் பள்ளியின் ஆங்கிலப் பாடம் ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் கேட்கும் நேரம். உய்சொங்கின் உட்கிராமத்தில் அப்படி எதுவும் இல்லை. 1997 முதல் கொரியாவில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயம். மூன்று, நான்காம் வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பாடவேளை, ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு மூன்று. ஒவ்வொன்றும் 40 நிமிடம். என்னுடைய கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்கு அவர்கள் கேட்கும் மொத்த ஆங்கிலமும் இவ்வளவுதான்.

ஏன் தொடக்கப் பள்ளி என்பதற்கும் காரணம் உண்டு. கொரிய மாணவரின் பன்னிரண்டு வருடப் படிப்பும் நவம்பர் மாதத்து வியாழன் ஒன்றில் நடக்கும் சுனுங் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நோக்கியே ஓடுகிறது. ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும்போது நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். 45 கேள்விகளில் 17 கேட்டல், மீதி வாசிப்பு. கதைப்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. 2018 கல்வியாண்டுக்கான தேர்விலிருந்து, பிறரோடு ஒப்பிடாமல், 90 அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லோருக்கும் முதல் தரம் என்று மாற்றினார்கள். ஆனாலும் வாய் திறந்து பேசுவதற்கு அந்தத் தேர்வில் இடம் வரவில்லை. அதனால் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வெளிநாட்டு ஆசிரியர் தன் வகுப்பில் பிள்ளைகள் மேசையில் தலை வைத்துத் தூங்குவதைப் பார்ப்பார். அது மரியாதைக் குறைவு அல்ல. முதல் நாள் நள்ளிரவு வரை படித்த களைப்பு. தேர்வின் நிழல் இன்னும் விழாத வயதில்தான் பிள்ளைகள் தப்பும் தவறுமாகக் கதைத்துப் பார்க்கத் துணிகிறார்கள்.

இந்த வேலை என்ன என்பதையும் தெளிவாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1995இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டம்தான் பெரும்பாலானோரை அனுப்புகிறது. நீங்கள் அங்கே துணை ஆசிரியர். வாரத்துக்கு 22 பாடவேளைகள் வரை; மற்ற நேரம் பள்ளியிலேயே இருக்க வேண்டும், விடுமுறையிலும் பல நாட்கள். வீடு தருவார்கள், குடியேறுவதற்கு 3 லட்சம் வொன் தருவார்கள், ஒப்பந்த ஆண்டு முடிந்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும். பணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது உடன் நிற்கும் கொரிய ஆசிரியரைப் பற்றித்தான். மதிப்பெண் போடுபவர் அவர், பெற்றோருக்குப் பதில் சொல்பவர் அவர், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலையும் அறிந்தவர் அவர். "இது எவ்வளவு?" என்று விலை கேட்கும் பாடம் வந்தபோது, பிள்ளைகள் தங்கள் வயலிலிருந்து பூண்டும் ஆப்பிளும் கொண்டுவந்து வகுப்பில் சந்தை போடட்டும் என்று சொன்னவர் என்னோடு கற்பித்த ஆசிரியைதான். விலைகளைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே அவர் என்னை எச்சரித்தார். கொரியர்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து எண்ணுபவர்கள். இருபதாயிரம் வொன் அவர்கள் கணக்கில் இரண்டு பத்தாயிரம். ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது பிள்ளைகள் 'டூ தவுசண்ட்' என்று விழுவார்கள் என்றார். அப்படியே நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கட்டுப் பூண்டைப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்கப் போக, பக்கத்துப் பெண் ஆங்கிலத்திலேயே அவனைத் தடுத்தாள். பிள்ளை எங்கே இடறும் என்பது அந்த மொழியில் வளர்ந்த ஆசிரியருக்குத் தெரியும். பிறப்பிலிருந்து ஆங்கிலம் பேசுபவருக்கு அது தெரிய வழியில்லை. இதை ஏற்றுக்கொண்டு அவருக்குத் தம்பியாக, தங்கையாகப் பக்கத்தில் நிற்கக் கூடியவர்கள் மட்டும் போங்கள்.

அந்த ஆசிரியரும் நிலையாக இருக்க மாட்டார். கொரிய அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை பள்ளி மாற வேண்டும். தலைமை ஆசிரியரும் மாறுவார். பிப்ரவரியில் பட்டியல் வரும், மார்ச்சில் புதிய ஆள் வருவார், எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசி ஒழுங்கு செய்ய வேண்டும். ஆசிரியர் அறைக் கணினியில் வரும் அறிவிப்புகள் எல்லாம் கொரிய மொழியில். 'இன்று மூன்றாம் பாடவேளை இல்லை, விளையாட்டு விழா ஒத்திகை' என்ற செய்தியை பாப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாசிப்பதற்குள் பிள்ளைகள் மைதானத்தில் நிற்பார்கள். கொரிய எழுத்தை விமானம் ஏறுமுன் கற்றுவிடுங்கள், எளிய எழுத்து. புதன்கிழமை பிற்பகலில் ஆசிரியர்கள் கைப்பந்து விளையாடக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள். மனம் விட்டுப் பேசும் இடம் அதுதான். சைவம் உண்பவர்களுக்கு மதிய உணவு கடினம்: சூப்பில் நெத்தலி அவித்த நீர் இருக்கும், கிம்ச்சியிலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ கலந்திருக்கும். சத்துணவுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிட்டால் சோறு, கீரை, முட்டை என்று ஏதாவது வழி செய்வார்.

இனி, எனக்கு உறுத்தும் விஷயம். எபிக் பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களைத்தான் எடுக்கிறது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் ஸ்காபரோவுக்கு வந்தவள், உயிரியல் படித்தவள். எந்தப் பாடத்தில் பட்டம் என்றாலும் 100 மணி நேர ஆங்கிலக் கற்பித்தல் பயிற்சி இருந்தால் போதும் என்பதாலும், ஏழாம் வகுப்பு முதல் கனடாவில் படித்திருந்ததாலும் என்னை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் கற்பித்த என் பெரியம்மாவை எடுக்க மாட்டார்கள்.

உய்சொங்கில் என்னிடம் படித்த பையன் ஒருவனின் தாய் பிலிப்பீன்ஸ்காரர். திருமணத்துக்கு முன் அங்கே பள்ளி ஆசிரியை. நல்ல ஆங்கிலம், சரளமான கொரிய மொழி, ஊரில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பார். மாலை நேரச் சிறப்பு வகுப்புகளை அவர் நடத்தலாம். என்னுடைய பணியிடத்துக்கு அவர் விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பள்ளிக்கு என்னைவிடத் தகுதியானவர் அவர் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கொரியக் கிராமங்களில் வியட்நாம், பிலிப்பீன்ஸ், சீனத் தாய்மாரின் பிள்ளைகள் இன்று பெருகி வருகிறார்கள். தன் தாயின் ஆங்கிலம் பள்ளிக்கு ஏற்றதல்ல என்பதை ஒரு பிள்ளை தினமும் பார்த்து வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தியர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 2010 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம், பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியக் குடிமக்களைத் துணை ஆசிரியராக ஏற்கிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலம் படித்து பி.எட். முடித்தவர்கள் எத்தனை பேர்! ஆனால் நான் போன பயிற்சி முகாமில் அந்த வழியில் வந்த ஒருவரைக்கூடக் காணவில்லை. கடவுச்சீட்டைப் பார்க்கும் விதியை விட்டு, கற்பிக்கும் திறனைப் பார்க்கும் விதிக்குக் கொரியா வர வேண்டும். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே 2008இல் தொடங்கிய டாக் என்ற திட்டத்தையும் மூடிவிட்டார்கள். அதன் இடத்தை நிரப்ப, முதல் நியமனங்கள் சிறு மாவட்டங்களுக்கே என்று எபிக் முடிவெடுக்கலாம்.

அதுவரை விண்ணப்பிக்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது. மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டுக்கு முந்தைய ஆகஸ்ட் வாக்கிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். பட்டச் சான்றும் காவல்துறைச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு தயாராக இருக்கட்டும். அப்போஸ்டில் உடன்படிக்கை கனடாவில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. விருப்பமான இடத்தைக் கேட்கும் கட்டத்தில் ஒரு மாகாணத்தின் பெயரை எழுதுங்கள். நேர்காணலில் காரணம் கேட்டால், ஹக்வொன் இல்லாத ஊரின் தொடக்கப் பள்ளியில் கற்பிக்க விரும்புகிறேன் என்று சொல்லுங்கள்.