கள்ளிக்கும் வேணும் காய்ச்சலும் பாய்ச்சலும்

டிராகன் பழம் போட்டிருக்கும் உழவர்கள் பலர் கேட்கிற முதல் கேள்வி, "தண்டு அழுகுது, என்ன அடிக்கலாம்?" என்பதுதான். அடிக்கிறதை அப்புறம் பார்ப்போம். முதலில் தண்ணி எப்படி விடுறோம்னு பார்ப்போம். பெரும்பாலான அழுகல் அங்கேதான் தொடங்குது என்பது என் கருத்து.

டிராகன் ஒரு கள்ளி. பழத்தோட விலையைப் பார்த்து நாம இதை மறந்துடுறோம். மற்ற பயிர்கள் பகலில் இலைத்துளையைத் திறந்து நீரை இழக்கும்; கள்ளி இரவில்தான் திறக்கும். தண்டுலேயே நீரைச் சேர்த்தும் வைக்கும். வாழைக்கு விடுற மாதிரி இதுக்கு விட்டா வேர் மூச்சுத் திணறிப் போகும்.

அதுக்காக, "கள்ளிதானே, காயட்டும்" என்று விட்டுவிடுவதும் தப்பு. இது பாலைவனக் கள்ளி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறி வளர்ந்த கொடிக் கள்ளி. வேரும் ஆழமாகப் போகாது, மேல்மண்ணிலேயே பரவும். நெல்லுக்கு நம் முன்னோர் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான் இதுக்கும் சரி.

பங்குனி, சித்திரை வெயிலில் மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு அளவாகப் பாய்ச்சுங்க. மூடாக்கு கட்டாயம் வேணும். ஆனா தண்டை ஒட்டிப் போடாம ஒரு சாண் தள்ளிப் போடணும். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை பூவும் காயுமாக இருக்கும். பூத்து 30 முதல் 35 நாளில் பழம் பழுத்துடும். அப்போ ஈரம் ஒரே சீராக இருக்கணும். நல்லாக் காயவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசன வேலை கிடையாது, வடிகால் வேலைதான். களிமண் நிலமாக இருந்தா மேட்டுப்பாத்தி இல்லாம நடவே வேண்டாம். மார்கழி, தை, மாசி செடிக்கு ஓய்வு. பாய்ச்சலுக்கு இடையே நாளைக் கூட்டிக்கிட்டே போகலாம்.

"சொட்டுநீர்தானே போட்டிருக்கேன், எப்படி அதிகமாகும்?" என்பாங்க. தினமும் சொட்டினால் தூரைச் சுற்றி மண் காயவே காயாது. அழுகலுக்கு அது போதும். செடிக்கு இத்தனை லிட்டர் என்று எழுதிக் கொடுக்கிற அட்டவணைக்குச் செம்மண்ணும் தெரியாது, கரிசலும் தெரியாது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை ஓடவிடுவதும் சேர்ந்தால், கிணற்றுத் தண்ணியும் போச்சு, செடியும் போச்சு.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. கல்தூணுக்கும் நாற்றுக்கும் கடன் வாங்கிப் போட்டவர், செடி அழுகும்போது பதறித்தான் போவார். அந்தப் பதற்றத்தில் பூஞ்சாணக்கொல்லியைத் தொட்டுட்டா அவர் கட்டிக் காத்த இயற்கை வழி அதோட முறிஞ்சுபோகும். டிரைகோடெர்மாவைத் தொழுவுரத்தில் கலந்து வைப்பது நல்லதுதான். ஆனா தண்ணி தேங்கி நிற்கிற மண்ணில் அது எவ்வளவு காப்பாற்றும்?

வால்வைத் திறக்கும் முன் தூருக்கு ஓர் அடி தள்ளி, விரல் ஆழத்துக்குக் கிளறி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிடிச்சுப் பாருங்க. உருண்டையாக நின்றால் வால்வை மூடிட்டு வேற வேலையைப் பாருங்க. உதிர்ந்தால் பாய்ச்சுங்க.