ஓடுகிற கம்ப்யூட்டரை ஓரங்கட்டச் சொல்வது யார்?



நம் கடைத் தராசு சரியாக நிறுக்கிறது. அதிகாரிகள் உரிய காலத்தில் சோதித்து முத்திரையும் வைத்துவிட்டார்கள். அந்த நிலையில் தராசு செய்த கம்பெனிக்காரர் வந்து, "புது மாடல் போட்டுவிட்டோம், பழையதற்கு இனி நாங்கள் பொறுப்பல்ல" என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இதையே வாய்மூடி ஏற்றுக்கொண்டு வருகிறோம்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை கையால் பில் எழுதிப் பேரேடு வைத்திருந்த பலசரக்குக் கடைகள் பல, அந்த ஆண்டில்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கின. ஆசைப்பட்டு வாங்கவில்லை, ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டுமே என்று வாங்கினோம். கடன்பட்டு வாங்கியவர்களும் நம்மில் உண்டு. அவற்றில் பல இன்றும் பழுதில்லாமல் பில் போடுகின்றன.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஏற்றித் தரப்பட்டது விண்டோஸ் 10. அதற்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. தனிப்பட்ட உபயோகிப்பாளர்களில் பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் ஓராண்டு தவணை கொடுத்தது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெல் ப்ராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும் என்கிறது. மேசைக் கம்ப்யூட்டருக்கான எட்டாம் தலைமுறை ப்ராசஸர் சந்தைக்கு வந்ததே 2017 அக்டோபரில்தான். ஜி.எஸ்.டி.க்காக ஜூலையில் அவசரமாக வாங்கியவரின் கம்ப்யூட்டர், வெறும் மூன்று மாத வித்தியாசத்தில் தள்ளுபடிச் சரக்காகிவிட்டது!

இதில் நியாயம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். 1995-இல் வந்த விண்டோஸ் 95 குறைந்தபட்சம் கேட்ட நினைவகம் 4 எம்.பி. 2001-இல் வந்த எக்ஸ்.பி. 64 எம்.பி. கேட்டது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 கேட்டது 1 ஜி.பி. 2021-இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! நம் பில் ஆயிரம் மடங்கு வளர்ந்ததா? சரக்கின் பெயர், அளவு, விலை, கூட்டுத்தொகை, இவற்றோடு ஹெச்.எஸ்.என். எண்ணும் வரி விகிதமும் சேர்ந்தன. அவ்வளவுதான்.

காரணம் தெரியாததல்ல. நினைவகம் மலிவாக ஆக, அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற கவலை சாஃப்ட்வேர் எழுதுவோருக்குக் குறைந்தது. புதுப் பதிப்பை விற்க வேண்டுமானால் புது வசதி சேர்க்க வேண்டும். சேர்த்ததை எடுக்க மனம் வராது. ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைக் கண்டித்து எழுதினார். கம்ப்யூட்டர் வேகம் கூடுவதைவிடச் சாஃப்ட்வேர் மந்தமாவது விரைவாக நடக்கிறது என்பது அவர் வாதம். பாத்திரம் பெரிதாக்கினால் அதற்கேற்ப ஊற்றிக்கொண்டே போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. கிராக்கியுள்ள சரக்கு வேண்டுமானால் ஓடாத சரக்கையும் சேர்த்து எடு என்று கட்டாயப்படுத்தும் வியாபாரத்தை நாம் நன்கு அறிவோம். விண்டோஸோடு இணைய உலாவியையும் சேர்த்துக் கட்டியதற்காகவே 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடர்ந்தது. 2004-இல் ஐரோப்பிய ஆணையம், பாட்டு, படம் ஓட்டும் சாஃப்ட்வேரைச் சேர்த்துக் கட்டியது உள்ளிட்ட காரணங்களுக்காக 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. வல்லரசுகளே வழக்காட வேண்டியிருந்தது என்றால், தனிக்கடைக்காரர் எம்மாத்திரம்?

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். பில் போடும் சாஃப்ட்வேரை விற்றவர் ஒரு சனிக்கிழமை வந்து புதுப் பதிப்பை ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. மாதச் சாமான் வாங்க வந்தவர்கள் வாசல் வரை நிற்கிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பழையபடி துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். பாதிப் பேர் காத்திருக்காமல் போய்விட்டார்கள். விற்றவரைக் கேட்டால், "உங்கள் கம்ப்யூட்டர் பழசு அண்ணாச்சி, மாற்றிவிடுங்கள்" என்றார். வெள்ளிக்கிழமை வரை ஓடியது ஞாயிற்றுக்கிழமை எப்படிப் பழசாகும்? பிறகு விவரம் தெரிந்த ஒரு மெக்கானிக் நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினார். சில ஆயிரத்தோடு முடிந்தது. அதே கம்ப்யூட்டரில்தான் இன்றும் பில் போடுகிறோம்.

அதற்காகப் பழையதையே கண்ணை மூடிக்கொண்டு ஓட்டச் சொல்லவில்லை. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் விண்டோஸின் நடப்புப் பதிப்புகளுக்கு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதைப் போடாதவர்களும், திருத்தம் நின்றுபோன பழைய பதிப்பு வைத்திருந்தவர்களும் சிக்கும் நிலையில் இருந்தார்கள். பூட்டில்லாத கடையில் சரக்கு வைப்பது புத்திசாலித்தனமல்ல. பூட்டு மாற்ற வேண்டும் என்பதற்காகக் கடையையே இடித்துக் கட்டு என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். சாஃப்ட்வேரை மாற்றினாலும் பழைய கணக்கைத் திறக்க முடிய வேண்டும். வாரம் ஒருமுறை தனி டிஸ்கில் நகல் எடுங்கள். எக்செல் போன்ற பொது வடிவில் கணக்கை எடுக்க விடாத சாஃப்ட்வேரை வாங்காதீர்கள்.

இரண்டாவது, திருத்தம் நின்றுபோன கம்ப்யூட்டரை இணையத்தோடு இணைக்காமல் பில் போட மட்டும் வையுங்கள். ரிட்டனும் வங்கி வேலையும் வேறொன்றில் நடக்கட்டும். பில் சாஃப்ட்வேர் இணையம் இல்லாமல் ஓடுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1991-இல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு நம் சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனமே 'பாஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியது. இவற்றுக்கு விலையில்லை. லினக்ஸில் பழைய கம்ப்யூட்டருக்கென்றே எடை குறைந்த வகைகளும் உண்டு. உலாவி வழியாகச் செய்யும் வேலைகள் பெரும்பாலும் நடக்கும். ஆனால் நம் பில் சாஃப்ட்வேர்கள் பல விண்டோஸில்தான் ஓடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்காமல் மாறாதீர்கள்.

இங்குதான் சங்கத்தின் பங்கு வருகிறது. ஒரு கடைக்காரர் போய் "எனக்கு லினக்ஸில் ஓடும் பில் சாஃப்ட்வேர் வேண்டும், பழைய கம்ப்யூட்டரிலும் மெலிவாக ஓட வேண்டும்" என்று கேட்டால் சிரிப்பார்கள். சங்க உறுப்பினர் அனைவரும் சேர்ந்து கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். அடுத்த பொதுக்குழுவில் இதற்கென ஒரு குழு அமைத்து, எந்தச் சாஃப்ட்வேர் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்ற பட்டியலைத் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தரலாம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரையும் சங்கத்தின் மூலம் ஏற்பாடு செய்யலாம்.

கம்ப்யூட்டரை எப்போது மாற்றுவது என்பதை நம் கடை வேலை தீர்மானிக்கட்டும். விற்பவரின் காலண்டர் தீர்மானிக்க வேண்டாம்.