அப்பாவின் சாட்சி

டிசம்பர் 31 இரவு எங்கள் சபையில் ஆண்டிறுதி ஆராதனை நடக்கும். மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் ஒவ்வொரு குடும்பமும் எழுந்து நின்று, கழிந்த ஆண்டுக்காக நன்றி சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. பையனுக்கு வேலை கிடைத்தது, பிள்ளைக்குக் கல்யாணம் கூடி வந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்குத் தளம் போட்டோம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்டுவருகிறேன். இந்த ஆண்டு சாதியால் அவமானப்பட்டோம் என்று ஒருவர்கூட அங்கே சாட்சி சொன்னதில்லை. எங்கள் வீடும் சொன்னதில்லை.

மதுரைப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் அப்பா 26 ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்துகிறார். சம்பளம் கிடையாது. வாரம் ஆறு நாளும் பெயின்ட் அடிக்கப் போவார். சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டுப் பயிற்சிக்குப் போவார். பாமாலையை நான்கு குரலில் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார். கீர்த்தனைகளின் ராகமும் தாளமும் மனப்பாடம். அம்மாவும் தங்கச்சியும் குழுவில் பாடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாச் சாதிக்காரர்களும் அப்பாவை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லிலேயே சாதி ஒழிந்துவிட்டது என்று சின்ன வயதில் நான் நம்பினேன்.

கடந்த ஆண்டு பொங்கலுக்கு, கல்லூரி நண்பர்களுடன் சேர்ந்து கற்றுக்கொண்ட பறையோடு வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "எங்கப்பா தூக்கிப் போட்டத நீ தூக்கிட்டு வர்ற" என்றார்.

அன்றைக்குத்தான் தாத்தாவின் கதை முழுசாகத் தெரிந்தது. ஊரில் யார் செத்தாலும் தாத்தா அடிக்கப் போக வேண்டும். காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது. கூலி, அவர்கள் அளந்து போடும் நெல். ஞானஸ்நானம் எடுத்த வாரமே தாத்தா பறையைக் கிணற்றில் போட்டார். இனி அடிக்க வரமாட்டேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கிறிஸ்தவம் என்றால் முதலில் அதுதான்: 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. பாமாலைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் அதனால்தான்.

பறையைக் கொண்டாடும் நாம் இதை யோசிக்க வேண்டும். மேடையில் அது நமக்கு விடுதலையின் இசை. தாத்தாவுக்கு அது மறுக்க முடியாத வேலை. இரண்டும் உண்மை. அப்பா சாதிக்கு வெட்கப்பட்டுப் பறையை ஒதுக்குகிறார் என்று நான் அவசரப்பட்டு முடிவு கட்டினேன். அது தவறு.

ஆனால் கிணற்றில் விழுந்தது பறை மட்டும்தான். சாதி எங்களோடு சபைக்குள் வந்துவிட்டது. வந்தது இன்று நேற்று அல்ல. 1833இலேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகிப் போனவர்கள் உண்டு. நாங்கள் இன்றும் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சாதியை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர். அப்பா அவருடைய பாடல்களைச் சொல்லிக் கொடுப்பவர். இந்த வரலாற்றை அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் 'பரட்டை' என்கிற தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்தார். உழைக்கும் சனங்களின் மெட்டும் பேச்சும் பறையும்தான் வழிபாட்டுக்குள் வர வேண்டும் என்று வாதாடி, அப்படியே பாட்டும் எழுதினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து உண்பதைத் தன் இறையியலின் மையத்தில் வைத்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரசரடி. அவர் பாட்டு எங்கள் சபைக்கு வந்து சேரவில்லை.

ஆகஸ்டில் அறுப்புப் பண்டிகை வந்தது. எங்கள் தெரு இளைஞர்கள் கமிட்டிக்கு மனு எழுதினோம்: காணிக்கைப் பவனியில் பறை அடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் வர அனுமதி வேண்டும். "சாவு மேளத்தக் கோயிலுக்குள்ள கொண்டு வரவா?" என்று கேட்டார்கள். டிரம்ஸ் செட்டும் கீபோர்டும் பீடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் மனு எழுதியதில்லை. கடைசியில் ஒரு சமரசம் சொன்னார்கள். ஆராதனை முடிந்து பூசணிக்காயும் கோழியும் ஏலம் விடும்போது, கேட்டுக்கு வெளியே அடித்துக்கொள்ளலாம். நாங்கள் வெளியே அடித்தோம். அப்பா உள்ளேயே இருந்தார்.

அதே மாதம் தங்கச்சிக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அலைந்தோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொல்லியும் நீங்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. "கிறிஸ்தவத்துல ஏதுப்பா சாதி?" என்று ஆபீசில் சிரித்தார்கள். அரசு இல்லை என்று சொல்லும் அதே சாதியைச் சபை எங்களுக்குக் கேட்டுக்கு வெளியே காட்டியது.

அக்டோபரில் கமிட்டியில் இருக்கும் ஒருவருடைய அம்மா இறந்துபோனார். எங்கள் மனுவுக்கு முதலில் எதிர்ப்புச் சொன்னவர் அவர். காலை ஆறு மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லாரும் கேட்டோம். "மாஸ்டர், சாயங்காலம் எடுக்குறோம். ஒங்க ஆளுங்கள்ல ரெண்டு செட்டு அடிக்க வரச் சொல்லுங்க."

26 ஆண்டுகள் நான்கு குரலில் பாடச் சொல்லிக் கொடுத்த மனிதர், சாவுக்கு அடிக்க ஆள் பிடித்துத் தருகிறவராகிவிட்டார். 'மாஸ்டர்' என்ற மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதே வாயால்தான் 'ஒங்க ஆளுங்க' என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாட வர்றேன் அய்யா. அடிக்க ஆள் அனுப்புற வேலை எங்கப்பாவோட முடிஞ்சு போச்சு" என்றார். சொன்னபடியே போனார். கல்லறைத் தோட்டம் வரை பாடிவிட்டு வந்தார். அந்தத் தோட்டத்தில் எங்கள் தாத்தா பின்பக்கத்துச் சுவரோரம் கிடக்கிறார். முன்பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடையாது.

அன்று ராத்திரி, "அத எடுத்துட்டு வா" என்றார் என்னிடம். வாசலில் உட்கார்ந்து அடித்துக் காட்டினேன். "தோலுக்குச் சூடு பத்தல" என்றார். அவரே வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினார். எத்தனை சூட்டில் எந்தச் சத்தம் வரும் என்று காதுக்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருஷமாக அதைப் பேசாமல் வைத்திருந்தார். அம்மா வாசற்படியில் நின்று அழுதார்.

சொன்ன பதிலுக்கு விலை இருந்தது. நவம்பரில், 'இளைஞர்களுக்கு வாய்ப்புத் தருவதற்காக' பாடகர் குழுவின் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அந்த இளைஞருக்கு அப்பாவைவிட இரண்டு வயதுதான் குறைவு. கேரல் ரவுண்ட்ஸ் வழக்கம்போல எங்கள் தெருவுக்கு அதிகாலை இரண்டு மணிக்கு மேல், எல்லாரும் களைத்த பிறகு வந்தது. இந்த முறை தெருமுனையில் பறையோடு நாங்கள் காத்திருந்தோம். கிறிஸ்து பிறந்தது மாட்டுத் தொழுவத்தில் என்று பாடுகிறவர்கள், மாட்டுத் தோலின் சத்தத்துக்கு முகம் சுளித்தார்கள். தாளம் சொல்லி நடத்தியவர் அப்பா.

"இவ்வளவுக்குப் பிறகும் ஏன் அந்தச் சபையில இருக்கீங்க?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. தாத்தா ஊரைப் பார்த்து 'வரமாட்டேன்' என்று சொன்னது அந்தக் கோயில் வாசலில் நின்றுதான். அதை ஏன் மற்றவர்களுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும்? போகவும் இருக்கவும் எங்களுக்கு உரிமை உண்டு. எதைச் செய்தாலும் முடிவு எங்களுடையதாக இருக்க வேண்டும். பறைக்கும் இதுவே அளவுகோல். அடிக்கச் சொல்வது யார், மாட்டேன் என்றால் விடுவார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால், அது கூலி வேலையா விடுதலை இசையா என்பது தெரிந்துவிடும்.

சபைகளுக்குள் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். கமிட்டியில் யார் இருக்கிறார்கள், கல்லறையில் யார் எங்கே கிடக்கிறார்கள், எந்த வாத்தியம் உள்ளே, எது வெளியே என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை நன்றி சொல்லும் நாளில் எழுந்து நின்று சொல்லுங்கள்.

டிசம்பர் 31 இரவு எங்கள் முறை வந்தது. அம்மா, தங்கச்சி, நான் என்று எல்லாரும் எழுந்து நின்றோம். அப்பா சொன்னது நான்கே வரி. "எங்கப்பா சாவு வீட்டுல பறை அடிச்சவரு. அடிக்க மாட்டேன்னு சொல்லத்தான் இந்தச் சபைக்கு வந்தாரு. 26 வருஷமா இத நான் இங்க சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்ல முடிஞ்சதுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

வழக்கமாக வரும் 'ஆமென்' உடனே வரவில்லை. பிறகு பின்வரிசையில், எங்கள் தெருப் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது.

அடுத்த அறுப்புப் பண்டிகைக்கான மனு தயாராக இருக்கிறது. போன தடவை இளைஞர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தோம். இந்த முறை முதல் கையெழுத்து அப்பாவுடையது.